பத்தியமா? பட்டினியா?

(உணவுக்குழல் புற்றுநோய்க்கு ரண சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஆகாரம் கொடுக்கும் முறையைப்பற்றி ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வந்திருக்கும் விஷயம் சோற்றைப் பற்றியதாகும். சோற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமும், அதற்கு ஒரு தலைவரும் வேண்டுமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் உணவுக்குழலில் புற்றுநோய் கண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், மார்பையும் வயிற்றையும் திறந்து ரண சிகிச்சை செய்துகொண்டு, உயிர் தப்பி வீடு வந்து சேர்ந்த மனிதனை, வீட்டில் உள்ளவர்கள் அன்பினாலும் அறியாமையினாலும் அரைப்பட்டினி போட்டு உருக்குலைய வைப்பதை நாம் பல ஊர்களில் பார்த்து வருகின்றோம். டாக்டர் காப்பாற்றிக் கொடுத்த உயிரை அடுப்பங்கரையில் பறிகொடுப்பது என்றால் அதைவிடப் பரிதாபம் வேறு என்ன இருக்கின்றது? ஆதலால்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

நாம் வைத்தியரல்ல, பட்டம் பெற்றவருமல்ல. நமக்குத் தெரிந்ததெல்லாம் கிடைத்த புஸ்தகங்களைப் புரட்டியும், டாக்டர்களையும் நர்சுகளையும் கேட்டும், நோயாளிகளின் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து விசாரித்தும் அறிந்துகொண்டவைகளேயாகும். ஒவ்வொரு நோயாளியும் அவரவருடைய டாக்டர் சொல்லுகிறபடியேதான் நடக்கவேண்டும். டாக்டர் ஏன் அப்படிச் சொல்லுகிறார் என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ளுவதற்கே இந்தப் பேச்சு. காரணம் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்கிறவன், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து வேறு விதமாகச் சொன்னவுடன் அதை விட்டுவிடுவான். காரணம் தெரிந்தவன் விடமாட்டான்.

நோயும் தலைவிதியும்

உணவுக்குழல் என்பது தொண்டையிலிருந்து இரைப்பைவரை இறங்கும் ஒரு சதைக்குழல். வளர்ந்த மனிதருக்கு அதன் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். இதில் புற்று வந்தவர்கள் உலகம் முழுவதிலும் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 5 லட்சத்து 11 ஆயிரம் பேர். அவ்வாண்டில் இந்நோயால் மாண்டவர்கள் சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம் பேர். முதலில் கெட்டியான சோறு இறங்காது, பிறகு குழைந்த சோறு இறங்காது, அப்புறம் கஞ்சி, கடைசியில் உமிழ்நீர்கூட இறங்காது. ஆகவே இந்த நோயாளி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே பல வாரங்கள் பட்டினி கிடந்தவனாகத்தான் போகிறான். இதை முக்கியமாக மனதில் வையுங்கள்.

இது ஏன் வந்தது என்றால், "எழுதினவன் எழுதிவிட்டான்" என்று நெற்றியைக் காட்டுகிறார்கள். நெற்றியில் ஓர் எழுத்தும் இல்லை. பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, சாராயம் இவைகளைக் கேளுங்கள், அவை சொல்லும். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மங்கலம் என்று தட்டில் வைத்து நீட்டுகின்றோமே, அந்த வெற்றிலை பாக்கு, புகையிலை சேராமல் மென்றாலும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ல் வெளியிட்ட புஸ்தகத்தில் சொல்லியிருக்கின்றது. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் எந்தப் பானமும் அநேகமாக இந்நோய்க்கு வழி செய்யும் என்று அதே நிலையம் 2016ல் சொல்லிற்று. ஆகவே இது காரணத்தோடு வரும் நோய். காரணத்தோடு வருவதற்குக் காரணத்தோடு கூடிய பரிகாரந்தான் உண்டு.

"புற்று வந்தால் சாவதுதானே, அதற்கு ஒரு ஆஸ்பத்திரி எதற்கு?" என்னும் எண்ணம் நம் நாட்டில் நிறைந்திருந்த காலத்தில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் துவக்கினார். தலைவிதி என்று அவரும் உட்கார்ந்திருந்தால் அங்கே சென்று பிழைத்து வந்தவர்களின் கதி என்னவாயிருக்கும்?

ரண சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

நோய் பிடித்த குழலை வெட்டி எடுத்துவிட்டால், சாப்பாடு எதன் வழியாகப் போகும்? இந்தக் கேள்விக்கு வைத்தியர்கள் விடை கண்ட வரலாறு அறியத்தக்கது. 1913ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயார்க் நகரத்தில் பிரான்ஸ் டோரக் என்ற டாக்டர், 67 வயதான ஒரு அம்மையாரின் மார்பைத் திறந்து, புற்றுக் கண்ட உணவுக்குழலை எடுத்தார். மேலே மிஞ்சின குழலின் வாயை உடம்புக்கு வெளியே கொண்டுவந்தார். வயிற்றில் இரைப்பைக்கு ஒரு துவாரம் இட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாயை வெளிப்புறமாகவே மாட்டினார். அந்த அம்மையார் வாயால் மென்று விழுங்கியது, கழுத்தண்டை வெளியே வந்து, ரப்பர் குழாய் வழியே இறங்கி, இரைப்பைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்படியே அவர் 12 ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார்! தோழர்களே, மந்திரத்தால் அல்ல. ஒரு முழ ரப்பர் குழாயால் வாழ்ந்தார். உணவு போக வழி இருந்தால் உயிர் நிற்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

பிற்காலத்தில் ரப்பர் குழாய்க்கு அவசியமில்லாமற் போயிற்று. 1933ல் ஜப்பானில் ஓசாவா என்பவரும், 1946ல் இங்கிலாந்தில் ஐவர் லூயிஸ் என்பவரும் வெளியிட்ட முறைகளின் வழியே, இன்று பெரும்பாலும் நோயாளியின் இரைப்பையையே நீண்ட குழல்போல் தைத்து, மார்புக்குள் மேலே இழுத்து, மிஞ்சின உணவுக்குழலோடு ஒட்டிவிடுகிறார்கள்.

இப்போது நன்றாகக் கவனியுங்கள். இதற்குமேல் நாம் சொல்லப்போகும் ஆகார விதிகள் அத்தனையும் இந்த ஒரு காரியத்திலிருந்தே கிளம்புகின்றன. முன்பு இரைப்பை ஒரு குதிர். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். வந்ததைச் சேர்த்து வைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடலுக்கு அளந்து கொடுக்கும். இப்போது அது குதிரல்ல; வாய்க்கால். சேர்த்துவைக்க இடம் இல்லை. முன்பு உணவுக்குழலுக்கும் இரைப்பைக்கும் நடுவே, ஏறின புளிப்பு மேலே வராமல் தடுக்க ஒரு மதகு இருந்தது. அந்த மதகு நோயோடு கூடப் போய்விட்டது. இரைப்பையை ஆட்டிவைக்கும் நரம்பும் அறுபட்டுவிட்டது. பசியைக் கிளப்பும் சுரப்பு பெரும்பாலும் இரைப்பையிலேயே உண்டாவதால், அதுவும் குறைந்து, பசியே தெரியாமற் போகின்றது. குதிர் போயிற்று, மதகு போயிற்று, பசி போயிற்று. இப்படிப்பட்டவரைப் பழைய மாதிரி மூன்று வேளை இலை போட்டு உட்கார வைத்தால் நடக்குமா?

வயிற்றுக் குழாய்

ரண சிகிச்சை ஆனவுடன், தைத்த ஒட்டு ஆறும் வரைக்கும் பல ஆஸ்பத்திரிகளில் சிறுகுடலுக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்து, அதன் வழியே திரவ ஆகாரம் விடுகிறார்கள். சிலர் அக்குழாயோடேயே வீட்டுக்கு வருகிறார்கள். அதைக் கண்டதும் வீட்டில், "வயிற்றில் ஓட்டை போட்டுவிட்டார்களே, இனி இது ஒரு பிழைப்பா?" என்று அழுகை தொடங்குகின்றது. அழவேண்டியதில்லை. வாய் தேறும் வரையில் உயிரைக் காக்கும் வாய் அது.

ஆனால் அந்த வாய்க்குச் சில விதிகள் உண்டு. இது நேரே சிறுகுடலுக்குப் போவதால், ஆகாரத்தை வேகமாக விட்டால் வயிற்றை இழுத்துப் பிடிக்கும், பேதியாகும். ஆகவே சொட்டுச் சொட்டாக, டாக்டர் சொன்ன வேகத்தில்தான் விடவேண்டும். இரைப்பையின் புளிப்பு நீர் கிருமிகளைக் கொல்லும். இங்கே இரைப்பை நடுவில் இல்லை. ஆகவே கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், கொதித்து ஆறிய தண்ணீரையே உபயோகிப்பதும், கலந்த ஆகாரத்தை நம் ஊர் வெயிலில் நெடுநேரம் தொங்கவிடாதிருப்பதும் மிக அவசியம். ஆகாரம் விடுவதற்கு முன்னும் பின்னும், ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த அளவு தண்ணீர் விட்டுக் குழாயை அலசவேண்டும். கெட்டிக் கஞ்சியும், பொடித்த மாத்திரையும் அதில் போட்டால் அடைத்துக்கொள்ளும். மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் எதையும் போடாதீர்கள். குழாய் தவறி வெளியே வந்துவிட்டால், "நாளைக்கு நல்ல நாள், நாளைக்குப் போகலாம்" என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே துவாரம் மூடிக்கொள்ள ஆரம்பிக்கும். அந்த நிமிஷமே புறப்படவேண்டும்.

இன்னொன்று. மெலிந்தவரைக் கண்டதும் பக்கத்து வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் "குளுகோஸ் ஏற்றுங்கள்" என்கிறார்கள். ஒரு லிட்டர் 5 சதவீத குளுகோஸ் பாட்டிலில் இருப்பது 50 கிராம் சர்க்கரை. அதாவது 200 கலோரிகூட இல்லை. புரதம் ஒரு துளியும் இல்லை. நீர் வற்றியவருக்கு அது மருந்து. மெலிந்தவருக்கு அது சோறல்ல. கையில் ஊசி குத்தி, மேலே பாட்டில் தொங்கினால் ஏதோ பெரிய வைத்தியம் நடக்கிறது என்று நம்புவதற்கும், தாயத்துக் கட்டினால் நோய் போகும் என்று நம்புவதற்கும் என்ன பேதம் என்று கேட்கின்றோம்.

வாயால் உண்ணும் முறை

வாய் வழியே ஆகாரம் எப்போது தொடங்குவது என்பதிலே வைத்தியர்களுக்குள்ளேயே ஒரு பழைய பத்தியம் இருந்தது. ஒட்டு விட்டுவிடுமோ என்ற பயத்தால், ஐந்து நாள், ஏழு நாள் வாயில் ஒன்றுமே கொடுக்கக் கூடாது என்று வெகு காலம் நடத்தி வந்தார்கள். பிறகு அவர்களிலேயே சிலர், "இந்த வழக்கத்துக்கு அத்தாட்சி என்ன?" என்று கேட்டார்கள். நெதர்லாந்து, ஸ்வீடன் தேசங்களின் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே வாய்வழி ஆகாரமும், மற்றப் பிரிவுக்கு ஐந்து நாள் கழித்தும் கொடுத்துப் பார்த்தார்கள். உடனே உண்டவர்களுக்கு ஒட்டு விடுவது அதிகமாகவில்லை என்றும், ஆனால் அதனால் அவர்கள் சீக்கிரமாகத் தேறிவிடவுமில்லை என்றும், இரண்டையும் ஒளிக்காமல் 2020ல் வெளியிட்டார்கள். பாருங்கள் தோழர்களே! தங்கள் பத்தியத்தையே தாங்கள் சோதித்துப் பார்த்து, முடிவு எப்படி வந்தாலும் ஊரறியச் சொல்லுகிறார்கள். நம் வீட்டுப் பத்தியத்தை யார் எப்போது சோதித்தார்கள்? "பெரியவர்கள் சொன்னார்கள்" என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் உண்டா? எந்த நாளில் தொடங்குவது என்பது உங்கள் டாக்டர் ஒட்டைப் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயம். தொடங்கிய பிறகு உள்ள முறையை நாம் சொல்லுகின்றோம்.

முதலாவது, மூன்று வேளை என்ற கணக்கை மறந்துவிடுங்கள். நாளைக்கு ஆறு முதல் எட்டு வேளை. ஒவ்வொரு வேளையும் ஒரு சிறு கிண்ணம். குதிர் இல்லாதவனுக்கு மூட்டை மூட்டையாக நெல்லை இறக்கினால் தெருவில்தான் கொட்டவேண்டும். மரக்கால் மரக்காலாகக் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, "பசித்தால் கேட்கட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. அவருக்குப் பசி தெரியாது. கடிகாரந்தான் அவருக்குப் பசி.

மூன்றாவது, நன்றாக மென்று, மெதுவாக உண்ணவேண்டும். குழைந்த பருப்புச் சாதம், மசித்த இட்லி, தயிர், வேகவைத்து மசித்த முட்டை, முள் நீக்கிய மீன், கேழ்வரகுக் கூழ் இவை இலகுவாக இறங்கும். கெட்டி இறைச்சித் துண்டும், உலர்ந்த ரொட்டியும், நார்க் காய்கறியும் ஒட்டில் சிக்கிக்கொள்ளும். தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது, சாப்பாட்டோடு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கக் கூடாது. இருக்கிற சிறு இடத்தையும் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அன்றியும் உணவைக் குடலுக்குள் வேகமாகத் தள்ளிவிடும். அரைமணி முன்னாவது, அரைமணி பின்னாவது குடிக்கட்டும்.

ஐந்தாவது, உட்கார்ந்து உண்ணவேண்டும். உண்டவுடன் படுக்கக் கூடாது. மதகு இல்லையல்லவா? படுத்தால் உண்டது மேலேறி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். அதனால் நுரையீரலில் நிமோனியா ஜுரம் கண்டு உயிருக்கே ஆபத்தாகும். இராத்திரிச் சாப்பாட்டை உறங்கப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக முடித்துவிடவேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களின் கீழ் செங்கல் வைத்து உயர்த்தவேண்டும். வெறும் தலையணையை அடுக்கினால் கழுத்துத்தான் மடங்கும், மார்பு உயராது.

திருஷ்டியா? சர்க்கரையா?

நிற்க, சிலருக்குச் சாப்பிட்ட பத்து நிமிஷம், அரைமணிக்குள் நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், வயிறு முறுக்கும், பேதியாகும். வேறு சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து உடம்பு நடுங்கி, கண் இருண்டு, மயக்கம் வரும். இதைக் கண்டதும் வீட்டில், "சாப்பிடும்போது யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுகிறார்கள்.

உண்மை என்னவென்றால், வாய்க்காலில் தடை இல்லாமல் சர்க்கரைச் சத்து மடமடவென்று குடலில் கொட்டுவதால், உடம்பிலுள்ள நீர் அங்கே பாய்ந்து, முதலில் சொன்ன படபடப்பு உண்டாகின்றது. பிறகு அந்தச் சர்க்கரை இரத்தத்தில் திடீரென்று ஏற, அதை அடக்க இன்சுலின் அதிகமாகச் சுரந்து, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிப்போவதால் பிந்தின மயக்கம் வருகின்றது. எனவே கண் வைத்தது பக்கத்து வீட்டு அம்மாளல்ல. நீங்கள் ஆசையோடு கொடுத்த பாயசமும், பழச்சாறும், சர்க்கரை கரைத்த காப்பியுமேயாகும். மயக்கம் வந்த வேளையில் கொஞ்சம் சர்க்கரை வாயில் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அது மறுபடியும் வராமலிருக்க, இனிப்பைக் குறைத்து, புரதத்தைக் கூட்டி, அளவைச் சிறிதாக்கி, தண்ணீரைப் பிரித்துக் கொடுக்கவேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் சொல்லவேண்டும். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை அவசியம் சொல்லவேண்டும்.

கஞ்சிக் கணக்கு

இப்பொழுது பத்தியத்துக்கு வருவோம். ஆப்பரேஷன் ஆனவருக்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது, பருப்பு வாய்வு, தயிர் குளிர்ச்சி, நெய் மந்தம், கடலை பித்தம் என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுவது நீர்த்த கஞ்சியும் ஜவ்வரிசியுந்தான். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகுத்தறிவு என்பது கடைசியில் கணக்குத்தானே?

இப்படிப்பட்ட நோயாளிக்கு உடம்பு எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 25 முதல் 30 கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டுமென்பது ஆகார நிபுணர்கள் கொள்ளும் பொதுவான அளவு. அப்படியானால் 50 கிலோ எடையுள்ளவருக்கு 1250 முதல் 1500 கலோரியும், 60 முதல் 75 கிராம் புரதமும் வேண்டும். ஒரு தம்ளர் கஞ்சிக்கு 25 கிராம் அரிசி போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 90 கலோரியும், சுமார் 2 கிராம் புரதமும் இருக்கும். ஆறு வேளையும் ஆறு தம்ளர் கொடுத்தாலும் 540 கலோரி. புரதம் 12 கிராம்! வேண்டியதில் பாதிகூட இல்லை; புரதத்திலோ ஐந்தில் ஒரு பங்குதான். ஜவ்வரிசியிலோ புரதம் என்பது அநேகமாக இல்லை. புரதம் இல்லாமல் புண் எதைக்கொண்டு ஆறும்? வீடு இடிந்து கிடக்கின்றது; செங்கல் கொண்டுவராதே, சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும் தெளி என்றால் சுவர் எழும்புமா?

இப்போது வேறொரு கணக்கைப் பாருங்கள். முட்டை மூன்று, புரதம் 18 கிராம். பாலும் தயிருமாக அரை லிட்டர், 16 கிராம். பொட்டுக்கடலை மாவு 50 கிராம், சுமார் 10 கிராம். பருப்பு 50 கிராம், சுமார் 11 கிராம். மீன் 75 கிராம், சுமார் 15 கிராம். ஆக 70 கிராம். இதோடு குழைந்த சாதமும், தாங்குகிற அளவு நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் கலோரியும் நிரம்பும். இதில் சீமைச் சரக்கு ஏதாவது உண்டா? ஆயிரக்கணக்கில் விலை கொடுக்கும் டப்பா மாவு உண்டா? எல்லாம் நம் தெருக் கடையில் இருப்பவை. பொட்டுக்கடலையைப் பொடித்துச் சலித்துக் கஞ்சியில் கரைத்தால், கஞ்சியும் ஆகாரமாகிவிடும். முட்டை, மீன் உண்ணாதவர்கள் பருப்பையும் பாலையும் கூட்டிக்கொள்ளட்டும். ஆனால் ஆயுள் முழுவதும் முட்டை தின்றவரை, நோய் வந்த பிறகு "விரதம்" என்று சொல்லி அதை நிறுத்துவது எந்த தர்மம்? அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் அவர் உடம்பு விடுமுறை கொடுக்குமா? விரதம் இருந்து தீரவேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள், நோயாளியை விட்டுவிட்டுத் தாங்கள் இருந்துகொள்ளட்டும்.

அன்றியும், "நீ சாப்பிடச் சாப்பிடப் புற்றும் சாப்பிட்டு வளரும், ஆகவே பட்டினி கிடந்து புற்றைக் கொல்லு" என்று உபதேசம் செய்கிற வைத்தியர்களும் இருக்கின்றார்கள். பட்டினியால் முதலில் உருகுவது நோயாளியின் சதை, புற்றல்ல. எலி இருக்கிறதென்று குதிருக்கு நெருப்பு வைக்கிற புத்திசாலித்தனம் இது. மெலிந்தவருக்குப் பிறகு கொடுக்கவேண்டிய மருந்தையும் கதிர்வீச்சுச் சிகிச்சையையும் உடம்பு தாங்காது. ஜுரம் எளிதில் பற்றும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நெடுநாள் அநேகமாக ஒன்றுமே உண்ணாமல் கிடந்தவருக்கு, ஒரேநாளில் நிறைய ஊட்டுவதும் ஆபத்தேயாகும். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த 1945ல், சிறைமுகாம்களில் பட்டினி கிடந்து விடுதலையானவர்களில் சிலர், வயிறு நிறைய உண்ட பிறகு மாண்டுபோனார்கள். திடீரென்று ஆகாரம் வந்தால் இரத்தத்திலுள்ள உப்புச்சத்துகள் சரேலென்று இறங்கி இருதயம் தடுமாறும். ஆகவே அப்படிப்பட்டவருக்கு ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டு, சிறுகச் சிறுகக் கூட்டவேண்டும்.

தனித் தட்டும், தாய்மார்களும்

தோழர்களே! இன்னும் சில வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்து, திண்ணையில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். புற்று ஒட்டுவாரொட்டி நோயல்ல. அவர் தட்டில் சாப்பிட்டாலும் வராது. அவர் கையைப் பிடித்தாலும் வராது. தெருவில் தீண்டாமை கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசிவிட்டு, வீட்டுக்குள்ளே பெற்ற தகப்பனுக்குத் தீண்டாமை நடத்துவதா? தனியே உட்கார்ந்து உண்பவனுக்குச் சோறு இறங்காது. நாலு பேர் பேசிக்கொண்டு உண்ணும் இடத்தில் அவரும் தம் சிறு கிண்ணத்தோடு உட்காரட்டும்.

விருந்துக்குப் போனால், "நாலு வாய்தானா? நம் வீட்டுச் சோறு பிடிக்கவில்லையா?" என்று உபசாரம் செய்து அவரைத் திக்குமுக்காட வைக்காதீர்கள். அவர் பாதி இலையில் எழுந்திருப்பது அவமரியாதையல்ல.

இனி ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நோய் ஆண்களுக்கு மட்டும் வருவதல்ல, பெண்களுக்கும் வருகின்றது. புருஷனுக்கு வந்தால் மனைவி எட்டு வேளையும் எழுந்து கிண்ணம் நிறைக்கிறாள். மனைவிக்கு வந்தால் நிறைக்கிறவர் யார்? அவளே தேறாத உடம்போடு அடுப்பின் முன் உட்கார்ந்து, எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் சட்டியில் ஒட்டினதை வழித்துச் சாப்பிடுகிறாள். பெண்டாட்டி கடைசியில்தான் உண்ணவேண்டும் என்ற சாஸ்திரம், உடம்பு நன்றாயிருக்கும்போதே அநியாயம். இப்போதோ அது கொலைக்குச் சமானம். ஒரு முட்டையை வேகவைக்கவும், கொஞ்சம் கடலை மாவைக் கரைக்கவும் ஆண்பிள்ளையின் கைக்கு ஆகாதா? கை ஆகும், மனந்தான் ஆகவில்லை.

கவனிக்கவேண்டியவைகள்

இந்த ரண சிகிச்சைக்குப் பின் ஆறு மாதத்துக்குள், பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடுவதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆகவே வாரம் ஒருமுறை, ஒரே தராசில் நிறுத்து, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஜாதகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிற வீட்டில் இந்த நோட்டுக்கு இடம் இல்லாமற் போகாது. எடை வாரா வாரம் இறங்கினால் அதுவே டாக்டரிடம் போகவேண்டிய அறிகுறி.

ஆப்பரேஷன் ஆன புதிதில் ஜுரம், மார்பு வலி, மூச்சு முட்டல், கழுத்துப் புண்ணில் எச்சிலோ உணவோ கசிதல் இவைகளில் ஒன்று கண்டாலும் ஒட்டு விட்டிருக்கலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. சில வாரமோ, மாதமோ கழித்துச் சோறு மறுபடியும் சிக்க ஆரம்பித்தால், "நோய் திரும்பிவிட்டது, இனி என்ன" என்று கைவிட்டுவிடாதீர்கள். பலருக்கு அது ஒட்டின இடம் தழும்பாகிச் சுருங்கியதேயாகும். உள்ளே குழாய் விட்டு விரித்துவிடுகிறார்கள். எதுவாயிருந்தாலும் பார்த்துச் சொல்லவேண்டியவர் டாக்டரே தவிர, குறி சொல்லுகிறவனல்ல. மலம் எண்ணெயாக, வெளுத்து, நாற்றமெடுத்துப் போனால் கொழுப்பு ஜீரணமாகவில்லை என்று அர்த்தம். அதற்கு மாத்திரை உண்டு. இரும்புச்சத்து, பி12, டி என்னும் வைட்டமின்கள் நாளடைவில் குறையும். இரத்தத்தைச் சோதித்துக் கொடுத்தால் நிரம்பும்.

தோழர்களே, முடித்துவிடுகின்றோம். சிறுகச் சிறுக, அடிக்கடி, மென்று, மெதுவாக, தண்ணீர் வேறு, சோறு வேறு, உட்கார்ந்து உண், உண்டு படுக்காதே, இனிப்பைக் குறை, புரதத்தைக் கூட்டு, வாரம் ஒருமுறை நிறு. இவ்வளவுதான். இதற்கு வேதம் படிக்கவேண்டியதில்லை. ஒரு கடிகாரமும், ஒரு தராசும், காரணம் கேட்கிற புத்தியும் போதும்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஒப்புக்கொள்ளவேண்டாம். ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேளுங்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சரியென்று தோன்றினால் நடத்துங்கள். உங்கள் தெருவில் இப்படிப்பட்ட நோயாளி ஒருவர் இருந்தால், இன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய், "காலையிலிருந்து எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். "கஞ்சிதான்" என்று பதில் வந்தால், பொட்டுக்கடலை வாங்க நீங்களே கடைக்குப் போங்கள்.